இரண்டு கையெழுத்தும் ஒரு காசோலையும்: ஊராட்சித் தேர்தலுக்குப் பிறகு ஊர் எப்படி அமைதியாகிறது

ஊராட்சித் தேர்தலின் ஓட்டுப் பெட்டியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்ததும் அலுவலர்கள் முதலில் செய்கிற வேலை நிறம் பிரிப்பதுதான். வார்டு உறுப்பினருக்கான வெள்ளைச் சீட்டும், ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டும், ஒன்றியக் குழு உறுப்பினருக்கான பச்சையும், மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கான மஞ்சளும் ஒரே பெட்டிக்குள் ஒன்றோடொன்று மடிந்து கிடக்கும். ஒரே வாக்குச்சாவடியில் இரண்டு வார்டுகள் ஓட்டுப் போடும் இடங்களில் நீலச் சீட்டும் சேர்ந்துகொள்ளும். இவற்றை நிறவாரியாகப் பிரித்துக் கட்டுக் கட்டிய பிறகே எண்ணத் தொடங்க முடியும் என்பதால், 2020 ஜனவரி 2-ஆம் தேதி காலையில் தொடங்கிய எண்ணிக்கை தமிழ்நாட்டின் பல ஒன்றியங்களில் இரவு முழுக்க நடந்து மறுநாளும் தொடர்ந்தது. எண்ணும் மையத்துக்கு வெளியே, மூடிய கேட்டுக்கு அப்பால், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விடியும்போது கிடைத்தது ஒரு முடிவு அன்று, நான்கு முடிவுகள். அவை நான்கும் ஒரே பக்கம் சாய்வது அரிது.

'பிரசிடெண்ட் அவங்க, மெம்பர் நம்மாளுங்க' என்று ஊரில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஐந்தாண்டுக் காலத்துக்கான சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. தலைவர் ஒரு தரப்பு, வார்டு உறுப்பினர்களில் பெரும்பான்மை இன்னொரு தரப்பு, ஒன்றியக் கவுன்சிலர் மூன்றாவது தரப்பு என்று முடிவு வந்துவிட்டால், வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதே தெளிவில்லாமல் போகிறது. இப்படிக் கலந்து வரும் முடிவோடு ஒரு சிறிய ஊர் எவ்வாறு ஒத்துப்போகிறது, சில ஊர்கள் ஏன் ஒத்துப்போக முடியாமல் உடைகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கலப்பு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிராம ஊராட்சியில் தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது; ஒன்றியக் குழுவுக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் மட்டுமே உண்டு. ஆகவே கீழ்மட்டத்து இரண்டு ஓட்டுகளும் பூட்டு சாவிக்கும் ஆட்டோ ரிக்‌ஷாவுக்கும் விழுந்தாலும், உண்மையில் அவை ஆளுக்கும் தெருவுக்கும் பங்காளி வகையறாவுக்கும் விழுகிற ஓட்டுகள். தலைவருக்கு ஊராட்சிக்கு உட்பட்ட எல்லாக் குக்கிராமங்களும் ஓட்டுப் போடுகின்றன. வார்டு உறுப்பினருக்கோ அவருடைய வார்டைச் சேர்ந்த ஒன்றிரண்டு தெருக்கள் மட்டும் ஓட்டுப் போடுகின்றன. ஒன்பது வார்டுகள் கொண்ட ஓர் ஊராட்சியில் 1,800 ஓட்டுகள் பதிவாயின என்றும், தலைவர் பதவிக்கு நின்ற மூவர் 700, 640, 460 என்று பிரித்துக்கொண்டார்கள் என்றும் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதலாமவர் தலைவராகிவிட்டார்; ஆனால் அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள் 1,100 பேர். அவருடைய 700 ஓட்டுகளும் இரண்டு மூன்று தெருக்களில் அடர்ந்து கிடந்து, மற்ற இடங்களில் சிதறியிருந்தால், வார்டுகளில் ஆறோ ஏழோ எதிர்த் தரப்புக்குப் போயிருக்கும். இதில் யாருடைய சூழ்ச்சியும் வேண்டியதில்லை. ஊரின் அமைப்பும் தேர்தலின் அமைப்பும் சேர்ந்தாலே இந்தக் கலப்பு தானாக விளைகிறது.

கணக்கு ஒரு பாதிதான். ஓட்டுப் போடுகிறவரின் மனம் மறுபாதி. நகரத்தில் இருப்பவர்கள் நான்கு ஓட்டு என்பதைத் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு அது ஒரு வசதி. சம்பந்தி தலைவருக்கு நிற்கிறார், அவரை எதிர்த்து நிற்பவரின் தம்பி வார்டுக்கு நிற்கிறார், கட்சிக்காரர் ஒருவர் கவுன்சிலருக்கு நிற்கிறார் என்றால், ஒரே ஒரு சீட்டை வைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் முகம் காட்ட முடியாது. நான்கு சீட்டு இருந்தால் முடிகிறது. பெண் கொடுத்த வீட்டுக்கு ஒன்று, வரப்பு ஒட்டிய காட்டுக்காரருக்கு ஒன்று, அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுத்தவர் சொன்ன ஆளுக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என்று ஒரு குடும்பம் தன் கடமைகளைப் பங்கிட்டுவிடுகிறது. அப்படிப் பார்த்தால் கலப்பு முடிவு என்பது ஊர் உடைந்துபோனதன் அடையாளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோரோடும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊர் எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கையாகவே அதில் பெரும்பகுதி எனக்குப் படுகிறது.

ஆனால் தோற்றவருக்கு இந்த விளக்கம் எல்லாம் ஆறுதல் தராது. சட்டமன்றத் தேர்தலில் தோற்றவரை நிராகரிப்பவர்கள் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள். வார்டுத் தேர்தலில் நிராகரிப்பவர்கள் இருநூறு முந்நூறு பேர், அத்தனை பேரின் வீட்டு வாசலும் தெரியும், அத்தனை பேரும் 'உனக்குத்தாம்பா' என்று சொல்லியிருப்பார்கள். எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு, எந்த வீட்டில் எத்தனை தலை என்று கையில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு பேனாவால் குறித்தவருக்கு, எண்ணிக்கை முடிந்ததும் அந்தக் குறிகள் அத்தனையும் துரோகத்தின் பட்டியலாக மாறிவிடுகின்றன. விளக்கேற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்திருந்தால் கசப்பு இரட்டிப்பாகிறது, ஏனென்றால் அப்போது ஓட்டுக் கணக்கோடு சாமிக் கணக்கும் சேர்ந்துவிடுகிறது. 2021 அக்டோபரில் கோயம்புத்தூரை ஒட்டிய குருடம்பாளையம் ஊராட்சியில் ஒரு வார்டுக்கு நடந்த இடைத்தேர்தலில் வேட்பாளர் ஒருவர் ஒரே ஓட்டு வாங்கியது நாடு முழுவதும் கேலிக்குள்ளானது. வீட்டில் இருப்பவர்கள்கூடப் போடவில்லையா என்று கேட்டுச் சிரித்தவர்கள், அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஓட்டு வேறு வார்டில் இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை. தொலைவில் இருந்து சிரித்தவர்களுக்கு அது இரண்டு நாள் செய்தி. ஊரில் இருப்பவருக்கு அப்படிப்பட்ட எண் ஒரு பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டுகள் சமமாகி விடுவதும் சிறிய வார்டுகளில் அவ்வப்போது நடக்கும். அப்போது தேர்தல் நடத்தும் அலுவலர் குலுக்கல் முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். நான் பேசிப் பார்த்தவரையில், குலுக்கலில் தோற்றவர் சீக்கிரம் ஆறிவிடுகிறார். ஒரு ஓட்டில் தோற்றவர் ஆறுவதில்லை. குலுக்கலில் போனால் சாமி கொடுக்கவில்லை, நேரம் சரியில்லை என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. ஒரு ஓட்டில் போனால், அந்த ஒரு ஓட்டு யாருடையது என்ற தேடல் தொடங்கிவிடுகிறது, அது அடுத்த தேர்தல் வரையில் ஓய்வதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலை முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை மக்களாட்சியின் தொட்டில் என்று பெருமைப்படுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அந்த விதிகள், நிலமும் கல்வியும் உள்ள பிராமணர்களின் சபைக்கு மட்டும் உரியவை என்பதை மறந்துவிடக் கூடாது. அதே சமயம், தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததிலும், அண்மையில் பதவியில் இருந்தவருக்கு மூன்றாண்டு இடைவெளி விதித்ததிலும், கணக்குக் காட்டாதவரை உறவினரோடு சேர்த்து விலக்கிவைத்ததிலும், தோற்றவரின் மனத்தை அறிந்த ஒரு கூர்மை இருக்கிறது. எடுபடாத ஓலைக்குரியவர் பக்கத்து வீட்டுக்காரரை முறைக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

முடிவு வந்த முதல் மாலைதான் மிக ஆபத்தான நேரம். வென்றவர் மாலையோடு ஊருக்குள் நுழைகிறார். பின்னால் இளவட்டங்கள் வெடிச் சரத்தோடு வருகிறார்கள். அந்தச் சரம் எந்த வாசலில் வெடிக்கிறது என்பதில்தான் அடுத்த ஐந்தாண்டின் முதல் வரி எழுதப்படுகிறது. தோற்றவரின் வீட்டு முன்னால் பத்தாயிரம் வாலாச் சரத்தைக் கொளுத்திய ஊர்களில் அன்றிரவே காவல் நிலையம் வரை போக வேண்டியிருக்கும். அனுபவம் உள்ள தலைவர் ஊர்வலத்தை அந்தத் தெரு முனையில் நிறுத்திவிட்டு, இரண்டே பேரோடு நடந்துபோய், திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் திருநீறு வாங்கிக்கொண்டு திரும்புவார். மறுநாள் ஒட்டப்படும் சுவரொட்டியில் 'வாக்களித்தவர்களுக்கும் வாக்களிக்கத் தவறியவர்களுக்கும் நன்றி' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். சடங்காகிப்போன வாசகம்தான் என்றாலும் அதில் 'தவறியவர்கள்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எதிர்த்தவர்கள் என்று சொல்லாமல், ஏதோ மறதியால் விட்டுவிட்டவர்களைப் போல அவர்களைக் குறிப்பிட்டு, திரும்பி வருவதற்கான வழியை அந்தச் சொல் திறந்துவைக்கிறது.

அதன்பின் சட்டம் தன் வேலையைத் தொடங்குகிறது. 2020-இல் ஜனவரி 6-ஆம் தேதி தலைவர்களும் உறுப்பினர்களும் பதவியேற்றார்கள். 11-ஆம் தேதி துணைத்தலைவர்களுக்கான மறைமுகத் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து நாட்களில் தங்கள் வார்டு உறுப்பினர் ஊரில் இருக்கிறாரா, சுற்றுலா போயிருக்கிறாரா என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாமல் போன கதைகள் பல ஒன்றியங்களில் உண்டு. போதிய உறுப்பினர்கள் வராமலும் தகராறாலும் தள்ளிப்போன இடங்களில் ஜனவரி 30-ஆம் தேதி மீண்டும் தேர்தல் வைக்க வேண்டியிருந்தது. துணைத்தலைவர் பதவிக்கு ஏன் இத்தனை மல்லுக்கட்டு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ஊராட்சி நிதிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும் என்பதே காரணம். தலைவரை ஊர் தேர்ந்தெடுக்கிறது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர் ஒரு பக்கமும் வார்டுகள் மறுபக்கமும் சாய்ந்திருந்தால், ஒரே காசோலையில் இரண்டு எதிரிகளின் பெயர் அருகருகே விழ வேண்டும் என்று சட்டமே விதித்துவிடுகிறது.

பதவியில் இருப்பவர் தனியாக எதுவும் சுருட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. நடைமுறையில் அது எதிர்த் தரப்பின் கையில் ஒரு பூட்டாகவும் மாறுகிறது. தெருவிளக்குக்குப் பல்பு வாங்கிய பில் நிற்கும். குளோரின் பொடி வாங்கிய பில் நிற்கும். தூய்மைக் காவலரின் ஊதியம் நிற்கும். காரணமில்லாமல் கையெழுத்து மறுக்கப்பட்ட ஊராட்சிகளில் மாவட்ட ஆட்சியர் தலையிட்டு அந்த உரிமையை வேறோர் உறுப்பினருக்கு மாற்றித் தந்ததும் உண்டு. ஆனால் ஆட்சியர் வரை போன சண்டை அதன்பின் ஊருக்குத் திரும்புவதில்லை என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நான் நேரில் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். அங்கே தலைவர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். துணைத்தலைவர் அவருக்குச் சித்தப்பா முறையில் உள்ள, எதிர்த் தரப்புப் பெரியவர். முதல் மூன்று மாதம் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. ஊராட்சிச் செயலர்தான் காசோலைப் புத்தகத்தை மஞ்சள் பையில் சுற்றி, எக்ஸ்எல் வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் கையெழுத்து விழும், மறுவீட்டில் 'இருக்கட்டும், பார்க்கலாம்' என்ற பதில் விழும். சித்திரை வெயிலில் ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டார் எரிந்துபோனது. மேல்நிலைத் தொட்டி காலியாகி இரண்டாம் நாள், காயில் கட்டும் கடைக்காரர் பழைய பாக்கி நிற்கிறது என்று சொல்லி மோட்டாரைத் தொடவே மறுத்துவிட்டார். அந்தப் பழைய பாக்கி, துணைத்தலைவர் கையெழுத்திடாமல் வைத்திருந்த காசோலைகளில் ஒன்று. அன்று மாலை அவர் வீட்டுப் பெண்களும் குடத்தோடு தோட்டத்துக் கிணற்றுக்குப் போக வேண்டியிருந்தது. இருட்டிய பிறகு தலைவர் நடந்தே வந்தார். 'சித்தப்பா, மோட்டார் போயிருச்சு' என்றார். 'தெரியும், உள்ள வா' என்றார் இவர். வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பில்லில் உள்ள தொகையையும் காசோலையில் உள்ள தொகையையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்து, கையெழுத்தைப் போட்டுத் தந்தார். அதன்பின்னும் அவர்கள் நண்பர்களாகிவிடவில்லை. கூட்டத்தில் சத்தம் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் தண்ணீர் தொடர்பான பில் மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

சிறிய ஊரின் அமைதி என்று நான் குறிப்பிடுவது இதைத்தான். கட்டிப் பிடித்துக்கொள்வது அதில் கிடையாது. சண்டைக்கு உட்பட்டவை இவை, உட்படாதவை இவை என்று ஒரு பிரிவினை மெல்ல உருவாகி, இரு தரப்பும் அதை வாய்விட்டுச் சொல்லாமலேயே கடைப்பிடிக்கத் தொடங்குவதுதான் அது. அந்தப் பிரிவினை சரியாக இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் ஊராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. காலையில் தொட்டி ஆபரேட்டரின் பின்னால் போனால் போதும். எந்தத் தெருவுக்கு எந்த வால்வை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறார் என்பதில் தேர்தல் முடிவு தெரிந்தால் அந்த ஊர் இன்னும் ஆறவில்லை. தோற்றவர் தெருவுக்கும் அதே நாற்பது நிமிடம் தண்ணீர் வந்தால், ஓட்டுப் பெட்டி மூடப்பட்டுவிட்டது என்று பொருள். நூறு நாள் வேலையில் யார் பெயர் எந்த வாரம் வருகிறது என்பதும், கூட்டுறவுக் கடன் பட்டியலில் யாருக்குப் பரிந்துரை போகிறது என்பதும் இதே போன்ற சோதனைகள்தான்.

அரசியல் அறிஞர்கள் தேர்தலைப் பற்றிப் பேசும்போது, தோற்றவர்கள் முடிவை ஒப்புக்கொள்வதில்தான் மக்களாட்சி நிற்கிறது என்பார்கள். அடுத்த முறை நாமும் வெல்லலாம் என்ற நம்பிக்கை அந்த ஒப்புதலைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது அவர்கள் வாதம். சிறிய ஊரில் அதைவிட அருகிலேயே இன்னொரு தாங்கல் இருக்கிறது. அது மொய் நோட்டு.

வென்றவர் வீட்டில் காதுகுத்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தோற்றவருக்கு அழைப்பிதழ் வரும்; வராமல் இருந்தால் அதுவே ஒரு போர் அறிவிப்பு. வந்தபின் போகாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் ஏழு ஆண்டுகளுக்கு முன் தன் மகள் கல்யாணத்தில் அந்த வீட்டார் செய்த மொய் தன் வீட்டு நோட்டில் ஊர் பெயரோடும் தகப்பன் பெயரோடும் எழுதப்பட்டிருக்கிறது. வாங்கியதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வது முறை. ஓட்டுக்காக முறைத்துக்கொண்டு மொய்யைத் தவிர்த்தால், 'தேர்தல்ல தோத்ததுக்கு மொய்யைச் சாப்பிட்டுட்டான்' என்ற பேச்சு வரும்; அது டெபாசிட் போனதைவிடக் கேவலம். ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்டிய டெபாசிட் 600 ரூபாய்தான். மொய் நோட்டில் இருப்பதோ பல தலைமுறைக் கணக்கு. ஆகவே அவர் போகிறார். பந்தியில் உட்காராமல் மொய்யை மட்டும் எழுதிவிட்டுத் திரும்புவது ஒரு நிலை; உட்கார்ந்து ஒரு கை நனைப்பது அடுத்த நிலை; வென்றவரே வந்து இலைக்குப் பக்கத்தில் நின்று 'கறி வைப்பா' என்று பரிமாறுபவரிடம் சொல்வது அதற்கும் அடுத்த நிலை. இந்த மூன்றுக்கும் இடையே சில சமயம் இரண்டு ஆண்டுகள் கடந்துவிடும். ஒவ்வொரு படியும் ஊர்க் கண்ணில் பதிவாகிறது. மொய் எழுதுகிறவர் ஒலிபெருக்கியில் தொகையைப் படிக்கும் ஊர்களில் அது எல்லோர் காதிலும் விழுகிறது.

ஓட்டுக் கணக்கும் மொய்க் கணக்கும் கோயில் முறையும் பங்காளி முறையும் வெவ்வேறு கோடுகளில் ஓடுவதுதான் இதன் சூட்சுமம். ஓட்டில் எதிர்த் தரப்பாக இருப்பவர் மொய்யில் கடன்காரர், கோயில் மண்டகப்படியில் கூட்டாளி, கண்மாய்ப் பாசனத்தில் அடுத்த மடைக்காரர். ஒரு கோட்டில் அறுந்தால் மற்ற மூன்று கோடுகள் இழுத்துப் பிடிக்கின்றன. எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும் ஊர்களில், அதாவது ஒரு தரப்பும் மறுதரப்பும் கொள்வினை கொடுப்பினை இல்லாமல், ஒரே கோயிலில் சம உரிமை இல்லாமல், ஒருவர் நிலத்தில் மற்றவர் கூலிக்குப் போகும் உறவு மட்டுமே உள்ள ஊர்களில், இழுத்துப் பிடிக்க எதுவுமே இல்லை. சாதியால் பிரிந்த ஊர்களில் தேர்தல் முடிவு ஏன் வெடிக்கிறது என்பதற்கான விளக்கம் இங்கேதான் கிடக்கிறது.

மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளும் நாட்டார்மங்கலமும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும் 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, பத்தாண்டுக் காலம் அங்கே முறையான தலைவர் இல்லாமல் போனார். மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. வந்து வென்றாலும் அன்றோ மறுநாளோ விலகல் கடிதம் வந்துவிடும். அந்த ஆண்டுகளில் அந்த ஊர்களைக் கேட்டிருந்தால், இங்கே எந்தத் தகராறும் இல்லை, அமைதியாக இருக்கிறோம் என்றுதான் பதில் வந்திருக்கும். 2006 அக்டோபரில் அங்கே தேர்தல் நடந்து, தேர்வானவர்கள் பதவியில் நீடித்தபோது அரசு அதைச் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்துக் கொண்டாடியது. ஒரு கிராமத் தேர்தல் நடந்து முடிந்ததையே விழாவாக எடுக்க வேண்டிய நிலை எத்தகையது என்பதையும் அந்த விழா சேர்த்தே காட்டியது. அதே மதுரை மாவட்டத்தின் மேலவளவில் தலைவரான முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 ஜூன் 30-ஆம் தேதி பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். தோல்வியை ஏற்க மறுப்பதன் கடைசி எல்லை அது.

இந்தப் பின்னணி தெரிந்தவர்களுக்குத் துணைத்தலைவர் பதவியின் இன்னொரு முகமும் தெரியும். தலைவர் பதவிக்குச் சாதி, பெண் ஒதுக்கீடு உண்டு. 2019 தேர்தல் முதல் பெண்களுக்குப் பாதி இடம். துணைத்தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. ஆகவே தலைவர் நாற்காலி கைவிட்டுப் போனவர்கள் இரண்டாவது கையெழுத்தைக் குறிவைக்கிறார்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் பட்டியல் சாதிப் பெண் தலைவர், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தான் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியாகி, துணைத்தலைவர்மேல் வழக்குப் பதிவானது. அந்தக் கூட்டத்திலும் சத்தம் இருந்திருக்காது, தீர்மானங்கள் நிறைவேறியிருக்கும். கலப்பு முடிவோடு ஊர் சமாதானமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், கூட்டத்தில் யார் எதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதற்கு அந்தப் படம்தான் காரணம்.

தேர்தலே இல்லாமல் அமைதி காணும் வழியும் ஊர்களில் பழக்கத்தில் இருக்கிறது. போட்டியின்றித் தேர்வாவதை 'அன்னபோஸ்ட்' என்று ஊர்ப்புறத்தில் அழைப்பார்கள். எல்லோரும் கூடிப் பேசி உண்மையாகவே ஒருவரை முன்னிறுத்தினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோயில் திருப்பணிக்கு அதிகத் தொகை தருபவருக்குப் பதவி என்று ஏலம் விடுவதும் இந்தப் பெயரில்தான் நடக்கிறது. 2019 தேர்தலின்போதும் அப்படிச் செய்திகள் வந்து, அதிகாரிகள் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. சண்டை வராமல் இருக்கத்தானே என்று அதற்குச் சமாதானம் சொல்வார்கள். ஏலத்தில் கேட்க வசதியில்லாதவரும், கூட்டத்தில் பேச இடமில்லாத பெண்களும், ஊர்க் கூட்டத்துக்கே அழைக்கப்படாத தெருவும் அந்தச் சமாதானத்தின் விலையைக் கொடுக்கிறார்கள். நான்கு நிறச் சீட்டில் வரும் குழப்பமான முடிவு அந்த ஏலத்தைவிட எனக்கு எவ்வளவோ மேலாகத் தெரிகிறது.

ஆறாதவர்களுக்குச் சட்ட வழிகள் சில உண்டு. எண்ணும் மேசையிலேயே மறு எண்ணிக்கை கேட்கலாம். முடிவு வெளியான 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். தலைவர்மேல் புகார் வலுத்தால், உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுதிக் கொடுத்து மாவட்ட ஆட்சியரின் விசாரணைக்குக் கொண்டுபோகலாம்; வட்டாட்சியர் கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்பார். வழக்குப் போடுகிறவரை ஊர் வம்புக்காரர் என்று சொன்னாலும், தெருவில் கம்பெடுக்க வேண்டிய கோபம் நீதிமன்ற வாய்தாவுக்குப் போய்விடுவது பல ஊர்களைக் காத்திருக்கிறது. வாய்தா நான்கைந்து ஆண்டு இழுத்து, தீர்ப்பு வருவதற்குள் பதவிக்காலமே முடிந்துவிடுவதும் உண்டு. அதற்குள் இரு தரப்புக்கும் பேரப்பிள்ளைகளின் காதுகுத்து வந்துவிடுகிறது.

வென்றவரும் தோற்றவரும் இல்லாத காலத்தையும் தமிழ்நாட்டு ஊர்கள் அண்மைக் காலத்தில் இரண்டு முறை பார்த்துவிட்டன. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற உத்தரவால் நின்றுபோய் மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். கையெழுத்து ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது. ஒரே அலுவலரின் மேசையில் பல ஊராட்சிகளின் கோப்புகள் அடுக்கியிருந்தன.

அந்த ஆண்டுக் கோடையில், வேறொரு வேலையாக ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வராந்தாவில் போட்டிருந்த நீளப் பெஞ்சில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முன்னாள் தலைவர், மற்றவர் முன்னாள் துணைத்தலைவர். வட்டார வளர்ச்சி அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தார், மூன்று மணிக்கு மேல் வருவார் என்றார்கள். மோட்டார் மறுபடியும் எரிந்துவிட்டதாம். மனுவின் கீழே இருவர் கையெழுத்தும் இருந்தது. ஒரே வண்டியில் வந்திருந்தார்கள். பெரியவர் தன் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதால், மனுவில் எழுதியிருந்ததை இளையவர் அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.